மெனு வந்துடுச்சு, ஆனா பூட் ஆகலை

கம்ப்யூட்டர் பூட் ஆகலைன்னு சொன்னா நம்ம ஊர்ல கிடைக்கிற முதல் மருந்து, "ஃபார்மேட் அடிச்சிடுங்க". அதுக்கும் மசியலைன்னா, "புது ஹார்ட் டிஸ்க் போட்டுடுங்க". உள்ளே என்ன இருந்துச்சுன்னு கேட்கிற மெக்கானிக்கை நான் ரொம்பக் கம்மியாத்தான் பார்த்திருக்கேன். விண்டோஸ் செத்துப்போச்சுன்னா அதோட சேர்ந்து நம்ம ஃபைலும் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. வேற ஒரு சிஸ்டத்தை வெளியில இருந்து கொண்டுவந்து ரேம்ல ஓட்டி, அந்த டிஸ்க்கை ஓரமா நின்னு எட்டிப் பார்த்தா, பல நேரம் எல்லாம் வச்ச இடத்துலயே இருக்கும்.

இந்த லைவ் சிஸ்டம் சமாச்சாரம் ஒன்னும் புதுசு இல்லை. க்ளாஸ் நாப்பர்னு ஒரு ஜெர்மன்காரர் 2000-ல் நாபிக்ஸ் வெளியிட்டார். சிடியைப் போட்டா லினக்ஸ் ஓடும், எடுத்தா போயிடும், ஹார்ட் டிஸ்க்ல ஒரு எழுத்துகூட எழுதாது. நம்ம ஊர்ல 2003-ல் ஆரம்பிச்ச 'லினக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையோட வர்ற சிடிக்காகவே புத்தகம் வாங்கினவங்க உண்டு (ஆமாம், நானும்தான் :-) ). அப்புறம் சிடி டிரைவே இல்லாம போச்சு, பென்டிரைவ் வந்தது. ஒரு மெஷினுக்கு பென்டிரைவ் போதும். ஒரு ரூம் முழுக்க மெஷின் படுத்துக்கிச்சுன்னா? அங்கதான் நெட்வொர்க் பூட் வரும். கேபிள் வழியாவே லைவ் சிஸ்டத்தை அனுப்புறது. பிஎக்ஸ்இன்னு எழுதி 'பிக்ஸி'ன்னு படிக்கணும்.

நான் சொல்லப்போறது 2024 டிசம்பர்ல திருவண்ணாமலையில நடந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துட்டு, போகாம அங்கேயே உட்கார்ந்து கொட்டினது ஞாபகம் இருக்கும். டிசம்பர் 1 சாயங்காலம் அண்ணாமலை அடிவாரத்துல மண் சரிஞ்சு 7 பேர் போயிட்டாங்க, அதுல குழந்தைங்களும் உண்டு. அந்த வருஷம் தீபத்துக்கு மலை ஏற பக்தர்களுக்கு அனுமதியே இல்லை. அந்தத் துக்கத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு விஷயமே கிடையாது. ஆனா தண்ணி வடிஞ்ச பிறகு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கடைக் கதவைத் திறந்து பார்த்தாகணும் இல்லையா?

எனக்கு டைப்ரைட்டிங் கத்துக்கொடுத்த சார், போளூர் ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கார். ஒரு காலத்துல தடதடன்னு சத்தம் போட்ட ரெமிங்டன் மெஷின் இருந்த அதே ரூம்ல இப்போ 12 பிசி. செங்கம், கலசபாக்கம், தண்டராம்பட்டு பக்கத்து ஊர்கள்ல இருந்து பஸ் ஏறி வர்ற பொண்ணுங்கதான் அதிகம். ஃபீஸ் தவணை முறையில. இந்த மாசம் 300, அடுத்த மாசம் 500, சில மாசம் ஒன்னுமே இல்லை. சார் அதை ஒரு நீளமான நோட்டுல எழுதி, ராத்திரி ஆபீஸ் பிசியில எக்செல்ல ஏத்தி வைப்பார்.

தண்ணி முழங்கால் அளவு வந்திருக்கு. நோட்டு கீழ் டிராயர்ல. இங்க் பேனாவால எழுதினது. பிரிச்சுக் காட்டினார், ஒவ்வொரு பக்கமும் நீலமா ஒரு கறை, அவ்வளவுதான். பிசிங்க எல்லாம் மேஜை மேல இருந்ததால நனையலை. ஆனா கரன்ட் போய்ப் போய் வந்ததுல 12-ல் ஒன்னுகூட விண்டோஸ் வரைக்கும் போகலை. ஆபீஸ் பிசி டிஸ்க் வேற 'டக்... டக்'னு சத்தம் போட ஆரம்பிச்சிருந்தது.

"யார் எவ்வளவு கட்டினாங்கன்னு அந்தப் பிள்ளைங்களையே கேட்டா சொல்லுங்க சார். பொய் சொல்லாதுங்க"ன்னேன்.

"சொல்லும் தம்பி. ஆனா கட்டின ஃபீஸை கட்டினியான்னு கேட்கறது ஒரு மாதிரி இருக்கு. வீட்டுக்குள்ள தண்ணி பூந்து உட்கார்ந்திருக்குதுங்க. அதுங்க கிட்ட போய் கேட்க மாட்டேன். இது வருமா வராதா, அதை மட்டும் சொல்லு."

அன்னிக்கு டிசம்பர் 7, சனிக்கிழமை. 13-ந் தேதி தீபம். ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஊருக்குள்ள வண்டி விடமாட்டாங்க, பஸ்ஸெல்லாம் வெளியிலயே நின்னுடும். எனக்கு ஞாயிறு ராத்திரி சென்னை பஸ். ஆக கையில இருந்தது ரெண்டு நாள்.

இப்போ சிலர் கேட்பீங்க, டிஸ்க்கைக் கழட்டி வேற பிசியில மாட்டினா போச்சே, இதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்னு. நியாயம்தான். ஆனா அந்த வேற பிசியும் ஏதாவது ஒன்னுல பூட் ஆகணுமே! அங்க பூட் ஆகிற பிசி ஒன்னுதான் இருந்தது. அலமாரி மேல் தட்டுல, துணி போட்டு மூடி வச்சிருந்த பழைய உபுண்டு பெட்டி. முன்னாடி அங்க வேலை பார்த்துட்டு பெங்களூரு போயிட்ட ஒரு பையன் செட் பண்ணினதாம். அதைப் போட்டதும், பக்கத்து பிசியை ஆன் பண்ணி நெட்வொர்க் பூட் கொடுத்துப் பார்த்தேன். பிஎக்ஸ்இ-இ61. இன்னொன்னு. பிஎக்ஸ்இ-இ53. மூணாவது பிசியில நீலக் கலர்ல அழகா ஒரு மெனு வந்தது: சிஸ்டம் ரெஸ்க்யூ, குளோன்ஜில்லா, மெமரி டெஸ்ட், லோக்கல் டிஸ்க். சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வந்துடுச்சு பாரு!"

வரலை. இந்த விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறது இந்த இடத்துலதான். மெனு வந்தா பாதி கிணறுகூட தாண்டலை.

உள்ளே என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், அப்பதான் மத்ததெல்லாம் புரியும். பிசி ஆன் ஆனதும் நெட்வொர்க் கார்டுல இருக்கிற சின்ன புரோகிராம் ஒன்னு, "நான் யாரு? எனக்கு என்ன முகவரி? எந்த ஃபைலை எடுக்கணும்?"னு தெருவுல நின்னு கத்தும். டிஎச்சிபி சர்வர் பதில் சொல்லும். அப்புறம் டிஎஃப்டிபி வழியா அந்த ஃபைலை இழுக்கும். நம்ம கதையில அது பிக்ஸிலினக்ஸ். அது மெனுவைக் காட்டும். நாம ஒன்னைத் தேர்ந்தெடுத்தா கெர்னலும் இனிட்ஆர்டியும் வரும். கெர்னல் எழுந்த உடனே பழைய ஆட்கள் எல்லாம் அவுட். அந்தக் கார்டு புரோகிராம் வாங்கி வச்ச முகவரி, கனெக்‌ஷன் எதுவும் இதுக்கு வராது. கெர்னல் தன்னோட சொந்த டிரைவரைப் போட்டு, மறுபடி முதல்ல இருந்து முகவரி கேட்டு, பிறகு பெரிய ஃபைலை, அதாவது லைவ் சிஸ்டம் மொத்தமும் சுருட்டி வச்சிருக்கிற ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைலைத் தேடிப் போகும். இதுல எந்த இடத்துல நின்னாலும் திரையில பார்க்கிறவனுக்கு 'பூட் ஆகலை'தான். எந்த ஆள் கடைசியா பேசினான்னு பார்க்கிறதுதான் மொத்த வித்தையும்.

அண்ணாமலைக்காரங்களுக்கு இது ஈஸியா புரியும். தீபத்தன்னிக்கு சாயங்காலம் 6 மணிக்கு கீழே அர்த்தநாரீஸ்வரர் வெளிய வந்ததும் 2668 அடி உயரத்துல மேல ஏத்துறாங்க. கீழே இருக்கிறவர் மேல போறதில்லை. சைகை மட்டும்தான் போகுது. கொப்பரையும் நெய்யும் திரியும் முன்னாடியே மேல போயிருக்கணும். மெனுங்கறது சைகை. நெய் வேற.

சரி, வேலைக்கு வருவோம்.

இ61 ரொம்ப ஈஸி. கேபிளைப் பாருன்னு அர்த்தம். தரையோரமா போட்டிருந்த கேபிள் முனையெல்லாம் சேறு. ரெண்டு கேபிள் மாத்தினதுல சரியாச்சு.

இ53-ன்னா, "முகவரி கிடைச்சுது, ஆனா எந்த ஃபைலை எடுக்கணும்னு யாரும் சொல்லலை". வேடிக்கை என்னன்னா, அதே பிசி ரெண்டாவது தடவை மெனு வரைக்கும் போச்சு, மூணாவது தடவை மறுபடி இ53. இந்த 'ஒரு தடவை வருது, ஒரு தடவை வரலை' வியாதியைப் பார்த்தா எனக்கு முதல்ல வர்ற சந்தேகம், பதில் சொல்ற ஆள் ரெண்டு பேர் இருக்காங்கங்கறதுதான். சாரைக் கேட்டேன். "ரெண்டு நாள் முன்னாடி இன்டர்நெட் பெட்டி மாத்திட்டுப் போனாங்க. பழசு மழையில போயிடுச்சு"ன்னார். புதுப் பெட்டியில டிஎச்சிபி தானாவே ஆன்ல இருக்கும். பழைய பெட்டியில அந்தப் பையன் அதை ஆஃப் பண்ணிட்டு, உபுண்டு பெட்டி மட்டும் பதில் சொல்ற மாதிரி வச்சிருந்தான். இப்போ ரெண்டு பேரும் கத்துறாங்க. சில நெட்வொர்க் கார்டு பொறுமையா காத்திருந்து ஃபைல் பேர் சொல்றவன் பதிலை எடுத்துக்கும். சில கார்டு முதல்ல வந்ததை வாங்கிட்டு நடையைக் கட்டிடும்.

இதுக்கு நாகரிகமான வழி உண்டு. டிஎன்எஸ்மாஸ்க் புரோகிராமை பிராக்ஸி முறையில வச்சா, முகவரி கொடுக்கிற வேலையை ரூட்டர்கிட்ட விட்டுட்டு, பூட் ஃபைல் பேரை மட்டும் இது சொல்லும். நிரந்தரமா வைக்கிறவங்க அதைத்தான் செய்யணும். நான் செஞ்சது, இன்டர்நெட் பெட்டியில இருந்து ஸ்விட்ச்சுக்கு வர்ற கேபிளைப் பிடுங்கினேன். எப்படியும் ஏரியாவுல அன்னிக்கு இன்டர்நெட்டே இல்லை. (நெட்பூட் டாட் எக்ஸ்ஒய்இசட் மாதிரி இன்டர்நெட்ல இருந்தே மெனுவும் சிஸ்டமும் எடுத்துக்கொடுக்கிற வசதி எல்லாம் இருக்கு. ரொம்ப நல்ல விஷயம். லைன் இருக்கிற ஊர்ல.)

இன்னொரு இடம் சொல்லணும், இங்க நடக்கலைன்னாலும். பெரிய ஆபீஸ், காலேஜ் லேப்ல காஸ்ட்லி ஸ்விட்ச் போட்டிருந்தா, பிசி ஆன் ஆனதும் அந்த போர்ட் திறக்கவே சுமார் 30 செகண்ட் ஆகும். ஸ்பானிங் ட்ரீ சமாச்சாரம், நெட்வொர்க் வளையம் ஆகிடாம இருக்க ஸ்விட்ச் யோசிச்சுட்டு நிக்கும். அதுக்குள்ள கார்டு கத்தி ஓய்ஞ்சுபோய் இ51-ன்னு சொல்லிட்டு படுத்துடும். அங்க போர்ட்ஃபாஸ்ட் ஆன் பண்ணணும். 800 ரூபா ஸ்விட்ச்ல இந்தத் தொல்லையே இல்லை. ஏழைக்கு ஏத்த எள்ளுருண்டை.

இப்போ எல்லா பழைய பிசியிலயும் மெனு வருது, ஆபீஸ் பிசியைத் தவிர. நமக்கு வேண்டியதே அது ஒன்னுதான்! அதுல பிக்ஸிலினக்ஸ்னு ஒரு வரி பளிச்சுன்னு மின்னும், அடுத்த நொடி நேரா ஹார்ட் டிஸ்க்குக்குப் போய் 'டக்... டக்'. கேபிள் மாத்தியாச்சு. போர்ட் மாத்தியாச்சு. சார் பக்கத்துல நின்னு, "மத்ததுக்கெல்லாம் வருதே தம்பி"ன்னு மெதுவா சொல்லிட்டு டீ வாங்கப் போயிட்டார்.

இந்த மாதிரி நேரத்துல திரையைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, சர்வர் லாகைப் பார்க்கணும். டிஎன்எஸ்மாஸ்க் யார் எந்த ஃபைல் கேட்டாங்க, கொடுத்தேனா, இல்லைன்னு சொன்னேனான்னு வரிவரியா எழுதி வைக்கும். பிக்ஸிலினக்ஸ் மெனு ஃபைலைத் தேடுற முறை ஒரு தனி அழகு. முதல்ல அந்த மெஷினோட அடையாள எண் பேர்ல ஃபைல் இருக்கான்னு கேட்கும். இல்லைன்னா, நெட்வொர்க் கார்டோட எம்ஏசி எண்ணுக்கு முன்னாடி 01 சேர்த்து அந்தப் பேர்ல கேட்கும். அதுவும் இல்லைன்னா ஐபி முகவரியை 16 அடிமான எண்ணா மாத்திக் கேட்கும். 192.168.1.57-ங்கறது சி0ஏ80139 ஆகும். அது இல்லைன்னா கடைசி எழுத்தை வெட்டிட்டு சி0ஏ8013, பிறகு சி0ஏ801, இப்படி ஒவ்வொன்னா குறைச்சு, கடைசியா 'டீஃபால்ட்' ஃபைல். மத்த பிசிங்களுக்கு லாக்ல வரிசையா 'இல்லை, இல்லை, இல்லை' வந்து கடைசியில டீஃபால்ட் போயிருந்தது. ஆபீஸ் பிசிக்கு ரெண்டாவது கேள்வியிலேயே 'அனுப்பினேன்'.

திறந்து பார்த்தேன். அந்தப் பையன் ஆபீஸ் பிசியோட எம்ஏசி பேர்ல தனியா ஒரு ஃபைல் வச்சிருக்கான். உள்ளே ஒரே ஒரு கட்டளை, மெனு காட்டாதே, நேரா லோக்கல் டிஸ்க்குக்குப் போ. மேல ஒரு வரி குறிப்பு, சாரோட பிசி, இதுல குளோன்ஜில்லா வரவே கூடாதுன்னு. புரிஞ்சுபோச்சு. குளோன்ஜில்லாவுல தெரியாம ரெண்டு தடவை 'எஸ்' தட்டினா டிஸ்க் மேல பழைய இமேஜ் ஏறி எல்லாம் அழிஞ்சிடும். பசங்க கைபட்டு சார் கணக்கு போயிடக் கூடாதுன்னு பையன் பூட்டுப் போட்டிருக்கான். யாருன்னே தெரியாத அவன் மேல எனக்கு அன்னிக்கு ரொம்ப மரியாதை வந்துச்சு. காப்பாத்தப் போட்ட பூட்டு, காப்பாத்த வர்றவனையும் வெளிய நிறுத்திடுச்சு, அவ்வளவுதான். ஃபைல் பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து சேர்த்து மாத்தினேன். ஆபீஸ் பிசியில மெனு வந்தது.

சிஸ்டம் ரெஸ்க்யூவைத் தட்டினேன். கெர்னல் வந்தது, இனிட்ஆர்டி வந்தது, எழுத்துங்க மளமளன்னு ஓடிச்சு. நின்னுடுச்சு. ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைலை எடுக்க முடியலைன்னு ஒரு புலம்பல்.

நெய் இல்லை!

கெர்னலும் இனிட்ஆர்டியும் சின்னது, டிஎஃப்டிபி வழியா வந்துடும். லைவ் சிஸ்டத்தை அப்படி அனுப்பறது மடத்தனம். டிஎஃப்டிபி 512 பைட்டை அனுப்பிட்டு, "வந்துச்சா?"ன்னு பதில் வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு நிக்கும், பிறகு அடுத்த 512. 700 எம்பி ஃபைலுக்கு 14 லட்சம் தடவைக்கு மேல இந்த 'வந்துச்சா, வந்துச்சு'. பெரிய துண்டா அனுப்பற வசதி 1998-லயே வந்தாச்சு, இருந்தாலும் பெரிய ஃபைலை எச்டிடிபி வழியா கொடுக்கிறதுதான் வழக்கம். அந்தப் பையனும் அப்படித்தான் பண்ணியிருந்தான். ஆனா வெப் சர்வர் காட்டுற ஃபோல்டர் காலி. அது ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் மவுன்ட் ஆகவேண்டிய இடம். டிஸ்க் எங்கே?

"கறுப்பா ஒன்னு, ஒயரோட தொங்கிட்டு இருந்ததே, அதுவா?"ன்னார் சார். "முக்கியமானதுன்னு அந்தப் பையன் சொல்லிட்டுப் போனான். மழை வந்ததும் முதல்ல அதைத்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். சாமி ரூம்ல இருக்கு."

முக்கியமானதுதான், சந்தேகமே இல்லை. மாட்டினேன். 2022 வரைக்கும் எக்செல் காப்பி ஒன்னும் அதுல இருந்தது. அதுக்கப்புறம் எதுவும் இல்லை. சார் அதைப் பார்த்துட்டு ஒன்னும் பேசலை.

இந்தத் தடவை லைவ் சிஸ்டம் முழுசா எழுந்தது. எழுந்து ஒன்னும் பிரயோஜனம் இல்லை. விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறக்க மறுக்குது, ஏதேதோ மாட்யூல் இல்லைங்குது. இது கொஞ்சம் நைசான வில்லங்கம். பூட் ஆகலைன்னா தேடலாம், பூட் ஆகிட்டு மக்கர் பண்றதை எங்கே தேடறது? ஓடுற கெர்னல் எந்த வெர்ஷன்னு கேட்டுப் பார்த்தேன், அப்புறம் மாட்யூல் ஃபோல்டர்ல என்ன வெர்ஷன் இருக்குன்னு பார்த்தேன். ரெண்டும் வேற வேற. வெளி டிஸ்க்ல பையன் கடைசியா புது வெர்ஷன் சிஸ்டத்தை இறக்கி வச்சிருக்கான், டிஎஃப்டிபி ஃபோல்டர்ல பழைய வெர்ஷன் கெர்னலே இருக்கு. பெங்களூரு வேலை கிடைச்ச வாரமோ என்னமோ. கெர்னல், இனிட்ஆர்டி, ஸ்குவாஷ்எஃப்எஸ் மூணும் ஒரே ஐஎஸ்ஓ-வில இருந்து வந்திருக்கணும். ஒரு வீட்டுச் சாவி இன்னொரு வீட்டுப் பூட்டுல நுழையும், திரும்பாது. பிக்ஸிலினக்ஸ் மெனு ஃபைல்களுக்கும் இதே கதைதான். வெர்ஷன் 5-க்கு அப்புறம் எல்டிலினக்ஸ்னு ஒரு துணை ஃபைல் கூடவே வேணும், அது வேற வெர்ஷனா இருந்தா மெனுவே வராது.

நல்லவேளை, புது ஐஎஸ்ஓ-வும் அதே டிஸ்க்ல இருந்தது. அதைத் திறந்து கெர்னலையும் இனிட்ஆர்டியையும் எடுத்து டிஎஃப்டிபி ஃபோல்டர்ல போட்டேன். அடுத்த தடவை பாதி டவுன்லோட்ல நின்னுச்சு. இது எளிசு, ஆபீஸ் பிசியில 2 ஜிபி ரேம்தான். எச்டிடிபி வழியா வர்றது முழுக்க ரேம்லதான் உட்காரும், அதுக்கு மேல சிஸ்டமும் ஓடணும். வேற ஒரு பிசியில இருந்து 4 ஜிபி ஸ்டிக்கைக் கழட்டி, முனையை ரப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன். (இந்த ரப்பர் வைத்தியத்துக்கு யாராவது சிலை வைக்கணும்.)

சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு விண்டோஸ் பார்ட்டிஷன் திறந்தது. படிக்க மட்டும், எழுத அனுமதி இல்லாம.

இதுல எனக்கும் நிறைய வல்லுநர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. சத்தம் போடுற டிஸ்க்கைத் தொடவே தொடாதே, முதல்ல முழுசா டிடிரெஸ்க்யூ போட்டு இமேஜ் எடு, அப்புறம் அந்த இமேஜ்ல தேடுன்னு சொல்வாங்க. முழு டிஸ்க்கும் வேணும்னா அது சரி. ஆனா உயிர்நாடி ஒரே ஒரு 200 கேபி ஃபைல், அது எங்கே இருக்குன்னு தெரியும்னா, நான் அதைத்தான் முதல்ல எடுப்பேன். 500 ஜிபி-யைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த டிஸ்க் உயிரோட இருக்கும்னு யார் உத்தரவாதம் தர்றது? எடுத்தேன். சர்வருக்கு அனுப்பினேன். பக்கத்துத் தெருவுல இருந்து ஒரு பொண்ணு, அவங்க அக்காவுக்கு ஸ்கூல்ல கொடுத்த அரசு லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தா. அதுல திறந்தோம்.

நவம்பர் 28 வரைக்கும் இருந்தது. ஒவ்வொரு பேரும், ஒவ்வொரு தவணையும்.

சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி போட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சார். "இந்தப் பொண்ணு முழுசா கட்டிடுச்சு பாரு. நான் பாக்கி இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்"னார். அதுக்கு மேல ஒன்னும் சொல்லலை. உடனே பிரின்ட் எடுக்கணும்னார். பிரின்டர்ல தண்ணி. அந்தப் பொண்ணு ராத்திரியோட ராத்திரியா உட்கார்ந்து ஒரு புது நோட்டுல எல்லாத்தையும் எழுதி முடிச்சா. பால்பாயின்ட் பேனாவால.

அப்புறம்தான் டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டயஸ் டயஸ் எழுதின குனூ புரோகிராம். நல்லா படிக்கிற இடத்தை எல்லாம் முதல்ல வாரிக்கிட்டு, முரண்டு பிடிக்கிற இடத்துக்குக் கடைசியா திரும்பி வரும். எது வரைக்கும் வந்தோம்னு ஒரு வரைபட ஃபைல்ல எழுதிட்டே போகும், கரன்ட் போனாலும் விட்ட இடத்துல தொடரலாம். ரெண்டு தடவை போச்சு, ரெண்டு தடவை தொடர்ந்தது. ஞாயிறு மத்தியானம் வரைக்கும் ஓடினதுல பசங்க ஃபைல் இருந்த பார்ட்டிஷன்ல கொஞ்ச இடம்தான் படிக்க முடியாம நின்னுச்சு. அந்தக் கொஞ்சத்துல ஒரு கலசபாக்கம் பொண்ணோட பிராஜெக்ட் போயிடுச்சு. 40 பக்கம். மத்தவங்களோடது எல்லாம் வந்துச்சேங்கறது அவளுக்கு ஒரு ஆறுதலா என்ன?

மீதி 11-ல் பழசு 7. அதுல 6-ஐ மெனு வழியா ஏத்தி, ஃபைல்களை சர்வருக்கு எடுத்துட்டு, விண்டோஸ் ரிப்பேர் பண்ணினோம். ஒன்னு மதர்போர்டே போச்சு. புதுசு 4-ல் கடைசி வரைக்கும் மெனு வரலை. "ஃபைல் வெற்றிகரமா இறங்கியது"ன்னு சொல்லிட்டு பேசாம செட்டிங்ஸ் திரைக்குத் திரும்பிடும். இது யூஇஎஃப்ஐ மெஷின்கள் செய்யற வேலை. பையன் வச்சிருந்தது பழைய பயாஸுக்கான ஃபைல். இவன் வாங்குவான், பார்ப்பான், புரியலைன்னு ஓரமா வச்சிடுவான், பிழைன்னும் சொல்ல மாட்டான். கேட்கும்போதே மெஷின் தன்னோட ரகம் என்னன்னு ஒரு எண் அனுப்பும். பயாஸ்னா 0, 64 பிட் யூஇஎஃப்ஐ-ன்னா பெரும்பாலும் 7. அதைப் பார்த்து ஆளுக்கேத்த ஃபைல் கொடுக்கணும், செக்யூர் பூட்டையும் கவனிக்கணும். நேரம் இல்லாததால நாலுலயும் பழைய லெகஸி முறையை ஆன் பண்ணி, வேலையை முடிச்சுட்டு, மறக்காம திரும்ப மாத்தி வச்சோம். திரும்ப மாத்தலைன்னா விண்டோஸ் நல்லா இருந்தாலும் பூட் ஆகாது.

கிளம்பறதுக்கு முன்னாடி மெனுவை சாருக்கு ஏத்த மாதிரி மாத்தணும்னு தோணுச்சு. 'சிஸ்டம் ரெஸ்க்யூ', 'குளோன்ஜில்லா' எல்லாம் எனக்குப் புரியும். அவசரத்துல அவருக்குப் புரியுமா? "அண்ணா, இதுல தமிழ் வருமா?"ன்னு லேப்டாப் பொண்ணு கேட்டா. பிக்ஸிலினக்ஸ் எழுத்துத் திரையில தமிழ் வராதும்மான்னேன். அவ கொஞ்சம் யோசிச்சுட்டு, போன்ல மெசேஜ் அனுப்பற மாதிரி ஆங்கில எழுத்துலயே தமிழை அடிச்சா. முதல் வரி, 'ஃபைலை மட்டும் எடு'. ரெண்டாவது, 'மெமரி சரியா பார்'. குளோன்ஜில்லா கடைசி வரிக்குப் போச்சு, 'எல்லாம் அழியும், சாரைக் கேள்'. ஆபீஸ் பிசிக்கு அந்தப் பையன் போட்ட தனி ஃபைலையும் பழைய பேருக்கே மாத்தி வச்சோம். ஒரே ஒரு வித்தியாசம், உள்ளே லோக்கல் டிஸ்க்கோட அந்த முதல் வரியும் இப்போ இருக்கு. குளோன்ஜில்லா மட்டும் இல்லை.